பதில் சொல்லாதவர் விற்கும் அடுப்பு எரியாது

நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். நேரம் இல்லாதவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: வாங்க வருகிறவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாத கம்பெனி எவ்வளவு நல்ல அடுப்பைச் செய்தாலும், நம் வீட்டைப் பொறுத்தவரை அது கெட்ட அடுப்புதான்.

விறகு அடுப்பைப் பற்றித்தான் பேசுகிறேன். "சாருக்கு ரிட்டயர்டு ஆனபிறகு பொழுது போகல" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். முப்பத்து மூன்று வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். கேள்வி கேட்டால் பதில் வரும் என்று பழகியவன். "தெரியாது சார்" என்பதும் ஒரு பதில்தான், சும்மா நிற்பதுதான் தவறு என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன். இந்த மூன்று மாதத்தில் நான் பார்த்ததெல்லாம் சும்மா நிற்பவர்களைத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். தெருவுக்குப் பின்னால் குடியிருக்கும் ஒரு அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காலையில் வெந்நீரும் சோறும் விறகில். மதியம் குழம்பு கேஸில். சிலிண்டர் இருக்கிறது, வருடத்துக்கு மூன்று முறைதான் மாற்றுகிறார். இருமல் மட்டும் வருடம் முழுவதும் இருக்கிறது. டாக்டர், "புகையில நிக்காதம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். புகையில் நிற்காமல் எப்படிச் சோறாக்குவது என்று அவர் சொல்லவில்லை.

யார் வீட்டிலோ புகை வராத விறகு அடுப்பு ஒன்றைப் பார்த்திருக்கிறார். குறுவை நடவு முடிந்ததும் நாலாயிரம் ரூபாயைச் சுருக்குப்பையில் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "நீங்க போன் போட்டுக் கேட்டா சொல்லுவாங்க சார். நாங்க கேட்டா யாரு சொல்லப் போறா?"

அவர் என்னைப் பற்றி வைத்திருந்த நம்பிக்கை தவறு என்று நிரூபிக்க அந்தக் கம்பெனிக்கு மூன்று மாதம் போதுமானதாக இருந்தது.

கம்பெனியின் இணையதளம் பளபளப்பாக இருக்கிறது. சிரித்த முகத்தோடு ஒரு பெண் சமைக்கும் படம், மரம் காக்கும் படம், பூமி உருண்டைப் படம். விலை மட்டும் இல்லை. "உங்கள் அருகில் உள்ள டீலரை அணுகவும்." நம் பக்கத்துக்கு ஏழு எண்கள். வருகைப் பதிவேடு எடுப்பது போல வரிசையாகக் கூப்பிட்டேன்.

தஞ்சாவூர்: இந்த எண் உபயோகத்தில் இல்லை.

கும்பகோணம்: ஒரு தம்பி எடுத்தார். "நான் டெய்லர் சார். இந்த நம்பர் வாங்கி ரெண்டு வருஷமாச்சு. வாரத்துக்கு ரெண்டு பேராவது அடுப்பு கேக்குறாங்க." (இந்த வரியை மறக்க வேண்டாம். பின்னால் தேவைப்படும்.)

மன்னார்குடி: மணி அடித்தது. வேறுவேறு நாளில், வேறுவேறு நேரத்தில் பதினோரு முறை. எடுக்கவில்லை.

திருவாரூர்: வாட்ஸ்அப்பில் கேட்டேன். இரண்டு நீல டிக். படித்துவிட்டார்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது, அவ்வளவுதான்.

புதுக்கோட்டை: "அந்த ஏஜென்சிய விட்டு மூணு வருஷம் ஆச்சு சார். இப்ப இன்வெர்ட்டர் பேட்டரி. வேணுமா?"

பட்டுக்கோட்டை: "ஸ்டாக் இல்ல. வந்தா நானே கூப்பிடுறேன்." இன்னும் வரவில்லை போலிருக்கிறது.

திருச்சி: இவர் ஒருவர்தான் "உள்ளேன் ஐயா" சொன்னார். இனிமையாகப் பேசினார். ஆயிரம் ரூபாய் முன்பணம் போடச் சொன்னார். என் கணக்கிலிருந்தே போட்டேன், ரசீதும் அனுப்பினார். பத்து நாளில் அடுப்பு வீட்டுக்கு வரும் என்றார். பத்தாவது நாளிலிருந்து அவர் போனை எடுக்கவில்லை.

தலைமை அலுவலக எண்ணுக்குப் போட்டேன். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. மூன்று அழுத்திப் பார்த்தேன், தொடர்பு அறுந்தது. மின்னஞ்சல் அனுப்பினேன். "24 மணி நேரத்தில் எங்கள் பிரதிநிதி உங்களைத் தொடர்புகொள்வார்" என்று ஒரு நொடியில் பதில் வந்தது. அந்த 24 மணி நேரம் இன்னும் முடியவில்லை.

நாற்பத்தேழாவது நாள், திருச்சிக்காரருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் விரைவு அஞ்சலில் ஒரு அறிவிப்பு அனுப்பினேன். அது கிடைத்த ஒன்பதாம் நாள் ஆயிரம் ரூபாய் என் கணக்குக்குத் திரும்பி வந்துவிட்டது. பணம் வந்தது. பதில் வரவில்லை. "மன்னிக்கவும், அடுப்பு இல்லை" என்று மூன்று சொல் எழுத அவர்களுக்குக் கை வரவில்லை.

கம்பெனியின் பெயரைக் கேட்டு யாரும் உள்பெட்டிக்கு வர வேண்டாம். ஒரு பெயரைச் சொன்னால் அந்த ஒருவரைத் திட்டிவிட்டு எல்லோரும் போய்விடுவீர்கள். நான் பேசுவது ஒரு பழக்கத்தைப் பற்றி.

இப்போது பின்னூட்டத்தில் முதல் ஆளாக ஒருவர் வருவார் என்று தெரியும். "சார், இந்தக் காலத்தில் எதற்கு விறகு அடுப்பு? அதுதான் கேஸ் இருக்கிறதே?"

இருக்கிறது. 2016-ல் உஜ்வாலா வந்தபிறகு சிலிண்டர் இல்லாத வீடு நம் பக்கத்தில் அபூர்வம். ஆனால் சிலிண்டர் வீட்டில் நிற்பதும் அதில் சமைப்பதும் ஒன்றா? 2023 மார்ச்சில் சென்னையில் சிலிண்டர் விலை 1100 ரூபாயைத் தாண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு குறைத்தார்கள், மானியமும் தருகிறார்கள். ஆனாலும் கொல்லையில் தென்னை மட்டையும் பாளையும் பன்னாடையும் காசில்லாமல் விழுந்து கிடக்கும்போது, வெந்நீர் வைக்கக் கேஸைத் திறக்க எந்தக் கூலிக்காரப் பெண்ணுக்கும் மனம் வராது. அது கணக்கு. அதில் அறியாமை எதுவும் இல்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையை நம் பக்கத்து ஆட்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கஜா அடித்துப் போட்ட தென்னைக்கு நடுவே வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல், சிலிண்டர் வண்டி வர வழியில்லாமல் கிடந்தோம். அந்த நாட்களில் ஒரத்தநாட்டிலும் பட்டுக்கோட்டையிலும் பேராவூரணியிலும் எத்தனை வீட்டில் சோறு பொங்கியது விறகில்? கேஸ் ஏஜென்சி வைத்திருந்தவர் வீட்டிலும் அந்த வாரம் மூன்று கல்தான்.

ஆகவே விறகு அடுப்பு போகப்போவதில்லை. புகையாவது போகட்டும் என்பதுதான் கேள்வி. வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இது சமையலறை அலங்காரப் பொருள் வாங்குகிற விவகாரம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பழைய மாணவர்களுக்கு ஒரு நிமிடம் பாடம். புகை என்பது எரியாமல் தப்பித்துப் போகிற விறகு. விறகு சூடானதும் அதிலிருந்து வாயுக்கள் கிளம்புகின்றன. போதுமான சூடும் காற்றும் கிடைத்தால் அவையும் எரிந்து வெப்பம் தரும். கிடைக்காவிட்டால் புகையாகிக் கண்ணிலும் நெஞ்சிலும் போகும். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் சுமார் 10 விழுக்காடுதான் பாத்திரத்துக்குப் போகிறது என்பது புத்தகக் கணக்கு. நவீன அடுப்பில் எரியும் இடத்தைச் சுற்றி வெப்பம் வெளியே போகாதபடி காப்பு வைத்து, மேலே வரும் வாயுவுக்கு இரண்டாவது முறையாகக் காற்று கொடுக்கிறார்கள். சிலவற்றில் அதற்கென்று ஒரு சின்ன மின்விசிறி உண்டு.

இந்திய தர நிர்ணய அமைவனம் இதற்கு ஒரு தரமே வகுத்திருக்கிறது: ஐ.எஸ். 13152. அதன்படி விசிறி இல்லாத அடுப்பு குறைந்தது 25 விழுக்காடு வெப்பத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். விசிறி உள்ளது 35 விழுக்காடு. புகைத்தூளுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் உச்ச அளவு உண்டு.

நான் அந்த ஏழு பேரிடமும் கேட்க வைத்திருந்த கேள்விகள் இவைதான். விலை என்ன? அந்தத் தரச் சான்று இருக்கிறதா? தென்னை மட்டை போடலாமா, சின்னதாக நறுக்கிய கட்டைதான் போட வேண்டுமா? ஐந்து பேருக்குச் சோறு வடிக்கிற பானையை ஏற்றினால் தாங்குமா? விசிறி நின்றுபோனால் யார் மாற்றித் தருவார்கள், எங்கே, எவ்வளவு? வாரண்டி அட்டையில் முத்திரை குத்தப்போவது யார்?

ஆறு கேள்வி. இதில் எது ராணுவ ரகசியம்?

இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் தெரியாமல் நாலாயிரம் ரூபாயைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டில் எழுபது ஆண்டுச் சரித்திரமே இருக்கிறது.

ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் எஸ்.பி. ராஜு புகைபோக்கி வைத்த அடுப்பை உருவாக்கி, கோடிக்கணக்கான ஏழைச் சமையலறைகளுக்குப் புகையிலிருந்து விடுதலை என்று எழுதிய புத்தகம் 1953-ல் நம் சென்னையிலேயே அச்சானது. அன்றைக்கே அறிவு இருந்தது.

1980-களில் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-ல் அதைக் கைவிடும் வரை நாடு முழுவதும் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டதாகக் கணக்கு. உங்கள் ஊரில் அதில் எத்தனை மிஞ்சியது? கட்டிக் கொடுத்தவர் மானியம் வாங்கிக்கொண்டு போனார். குழாயில் கரி அடைத்தபோது, அடுப்பு வாய் பிளந்தபோது, யாரைக் கூப்பிடுவது என்று வீட்டுக்காரிக்குத் தெரியாது. கடப்பாரையால் இடித்துவிட்டுப் பழைய கொடி அடுப்பையே மீண்டும் போட்டுக்கொண்டார்கள்.

ஒடிசாவில் எஸ்தர் டஃப்ளோவும் (2019-ல் பொருளாதார நோபல் பெற்றாரே, அவர்தான்) ரெமா ஹன்னாவும் மைக்கேல் கிரீன்ஸ்டோனும் சேர்ந்து சுமார் 2600 குடும்பங்களை நான்கு ஆண்டு வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருடம் புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்தே போனது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை, பராமரிக்கவும் இல்லை என்பது அவர்கள் கண்ட காரணம்.

இதைப் படித்துவிட்டு, "பாருங்கள், கிராமத்து ஜனங்களுக்குப் பராமரிக்கத் தெரியாது" என்று தலையாட்டுகிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இதே கிராமத்து ஜனங்கள் பம்புசெட்டைப் பராமரிக்கவில்லையா? மேட்டூர் திறந்து முறைத் தண்ணீர் வராத வாரத்தில் மோட்டார் காயில் கருகினால், ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் மெக்கானிக் வருகிறார். பவர் டில்லருக்கு உதிரிப் பாகம் ஒரத்தநாட்டிலேயே கிடைக்கிறது. பதில் சொல்ல ஆள் இருக்கும் பொருள் இருபது வருடம் ஓடுகிறது. ஆள் இல்லாத பொருள் ஒரு வருடத்தில் கொல்லையில் கிடக்கிறது. பழியை ஜனங்கள் தலையில் போடாதீர்கள்.

இன்னொரு கதை நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. 2006 வாக்கில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்ற மாபெரும் எண்ணெய் நிறுவனம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தோடு சேர்ந்து, 'ஊர்ஜா' என்ற விசிறி அடுப்பைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் மூன்றிலும் லட்சக்கணக்கில் விற்றது. நல்ல அடுப்பு. ஆனால் அதில் எரிக்க வேளாண் கழிவிலிருந்து செய்த தனி எரிகட்டி வேண்டும். அதன் விலை ஏறியது. 2009-ல் அந்த நிறுவனம் தொழிலை வேறு கைக்கு மாற்றிவிட்டு விலகிக்கொண்டது. வாங்கியவர் வீட்டில் அடுப்பு நின்றது. அதற்குத் தீனி போட ஆள் இல்லை.

அடுப்பின் பொறியியலில் ஒவ்வொரு முறையும் முன்னேற்றம். அடுப்புக்குப் பின்னால் நிற்கும் மனிதரில் ஒவ்வொரு முறையும் வெற்றிடம்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது, தொலைவில் போய்த் தேட வேண்டியதில்லை. இலங்கையில் 'அனகி' என்று ஒரு களிமண் அடுப்பு. 1980-களில் உருவானது. இரண்டு பாத்திரம் வைக்கலாம், விறகு மிச்சம். அவர்கள் செய்தது ஒன்றுதான்: குயவர்களுக்கு அளவும் அச்சும் கொடுத்துப் பயிற்சி அளித்தார்கள். குயவர் செய்தார், சந்தைக் கடைக்காரர் சட்டிப் பானையோடு சேர்த்து விற்றார். மானியம் கிடையாது, பூமி உருண்டைப் படமும் கிடையாது. உடைந்தால் அதே சந்தைக்குப் போய் அதே ஆளிடம் இன்னொன்று வாங்கலாம். லட்சக்கணக்கான வீடுகளில் எரிகிறது.

சீனாவில் 1982-ல் தொடங்கி அடுத்த பத்தாண்டில் 12 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திருத்திய அடுப்பு போனது. செலவில் பெரும்பகுதியை வீட்டுக்காரர்களே கொடுத்தார்கள். அரசுப் பணம் பயிற்சிக்கும் சோதனைக்கும் உள்ளூரிலேயே அடுப்புத் தொழில் செய்கிறவர்களை வளர்க்கவும் போனது. காசு கொடுப்பவர் வீட்டுக்காரர் என்றால் அவர் கேள்விக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும். இங்கேதான் நம் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது.

என்னிடம் படித்த ஒரு பையன் (பையன் என்கிறேன், அவனுக்கே மகளைக் கட்டிக் கொடுக்கும் வயது) பக்கத்து டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கிறான். முன்பு இரண்டு வருடம் இப்படி ஒரு அடுப்புக் கம்பெனியின் டீலராக இருந்தவன். "ஏண்டா யாருமே போனை எடுக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"சார், இருபது அடுப்பை மொத்தமா காசு கட்டி எடுக்கணும். விக்கலைன்னா திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. ஒரு அடுப்புல எனக்கு நிக்கிறது ஒரு சாப்பாட்டுக் காசு. விசிறி போச்சுன்னு தூக்கிட்டு வருவாங்க, கம்பெனிக்கு எழுதுனா ஆறு மாசம் பதில் வராது. நான் யாருக்கு சார் பதில் சொல்றது? ஒருநாள் ஒரு பெரியம்மா கடை வாசல்ல அடுப்ப வச்சிட்டு மண்ண வாரித் தூத்திட்டுப் போயிட்டாங்க. அதோட போர்டைக் கழட்டிட்டேன்."

சரி, கம்பெனி ஏன் பதில் சொல்லவில்லை?

"அவங்களுக்குப் பெரிய ஆர்டரு வேற பக்கம் வருது சார். ஏதாவது பெரிய கம்பெனி சமூகப் பொறுப்பு நிதியில வாங்கி ஊருக்குக் குடுக்கும். கார்பன் கிரெடிட்டுக்குன்னு வெளிநாட்டுக் காசு வரும். லாரி லாரியா போகும். ஒத்த அடுப்பு கேக்குறவங்க போனை அவங்க எதுக்கு சார் எடுக்கணும்?"

இதைக் கேட்டபிறகு அந்த மன்னார்குடி எண்ணின் மீது இருந்த கோபம் எனக்குப் பாதி குறைந்தது. அந்தப் பாதி அப்படியே மேலே ஏறி, கம்பெனியின் மீது சேர்ந்துகொண்டது.

கார்பன் கிரெடிட் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: உங்கள் வீட்டுக்கு ஒரு நல்ல அடுப்பைக் கொடுத்தால் விறகு குறையும், புகை குறையும், குறைந்ததாகக் கணக்கிட்ட புகையைச் சீட்டாக்கி வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விற்பார்கள். 2024 ஜனவரியில் 'நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி' ஆய்விதழில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த அடுப்புத் திட்டங்களைச் சோதித்து எழுதினார்கள். அவர்கள் பார்த்த திட்டங்கள், உண்மையில் குறைந்ததைப்போல் சுமார் ஒன்பது மடங்கு கணக்குக் காட்டியிருந்தன. அடுப்பு தினமும் எரிகிறதா என்பதில் கணக்கு கோட்டை விடுகிறது என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம்.

எரிகிறதா என்று எப்படித் தெரியும்? போன் எடுத்தால்தானே தெரியும்!

அடுப்பு செய்வோரே, உங்கள் உண்மையான வாடிக்கையாளர் யார் என்பதை உங்கள் தொலைபேசி காட்டிக் கொடுத்துவிட்டது. மொத்தமாக வாங்குகிற ஐயாவுக்கு மேலாளர் நேரில் போகிறார். சுருக்குப்பையிலிருந்து சொந்தக் காசை எடுத்து வைக்கிற அம்மாவுக்கு இரண்டு நீல டிக். இலவசமாகக் கொடுத்தால் படத்துக்குச் சிரிக்க அவர் வேண்டும். காசு கொடுத்துக் கேள்வி கேட்டால் அவர் வேண்டாம்.

"டிமாண்ட் இல்லை" என்று கருத்தரங்கங்களில் பேசுகிறீர்களாமே. கும்பகோணத்து டெய்லர் தம்பியைக் கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு பேர். விளம்பரம் இல்லாமல், தவறான எண்ணுக்கே இரண்டு பேர்!

நம் டெல்டாவுக்கு நீங்கள் வியாபாரம் சொல்லித் தர வேண்டியதில்லை. கும்பகோணத்துப் பாத்திரக்கடையில் வாங்கிய பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூச, வருடா வருடம் தெருவில் ஆள் வந்தார். துருத்தியும் நவச்சாரமும் கொண்டுவந்து வாசலிலேயே உட்கார்ந்து பூசிக்கொடுத்துவிட்டுப் போவார். 'ஆஃப்டர் சேல்ஸ் சர்வீஸ்' என்ற பெயர் வைக்காமலே அதைச் செய்தார்கள். மரத்தூள் அடுப்பும் உமி அடுப்பும் செய்த தகர வேலைக்காரர், அடி ஓட்டையானால் மறுநாளே ஒரு தகடு வைத்துக் கொடுத்தார். இணையதளம் அவரிடம் இல்லை. வாசல் இருந்தது. போய் நின்றால் நிமிர்ந்து பார்த்தார்.

இனி என்ன செய்ய வேண்டும்? கம்பெனிகளுக்கு என் கோரிக்கை நான்கு.

1. விலையை ஊரறியப் போடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்பது வியாபாரம் இல்லை, கண்ணாமூச்சி.

2. டீலர் பட்டியலை மாதம் ஒருமுறை நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். எடுக்காத எண்ணை எடுத்துவிடுங்கள். ஏழு பொய்யை விட ஒரு உண்மை போதும்.

3. விசிறி, பேட்டரி, உள்கூடு மூன்றையும் மாவட்டத்துக்கு ஒரு கடையிலாவது வையுங்கள். வைக்க முடியாத மாவட்டத்தில் விற்காதீர்கள்.

4. டீலருக்குக் கட்டுபடியாகிற லாபம் கொடுங்கள். முடியாதென்றால் ஊருக்கு ஒரு மகளிர் குழுவிடம் கொடுங்கள். அந்த அடுப்பில் தினம் சமைக்கிறவர் விற்றால் நான் கேட்ட ஆறு கேள்விக்கும் பதில் அவர் நாக்கு நுனியில் இருக்கும். கேட்கிறவர் எதிர் வீட்டில் இருப்பதால் பதில் சொல்லாமல் தப்பிக்கவும் முடியாது.

அரசுக்கு ஒன்று. எந்த அடுப்புக்கு மானியமோ ஒப்புதலோ கொடுத்தாலும், கொடுத்த எண்ணிக்கையை எண்ணாதீர்கள். மூன்றாம் வருடம் எரிகிற எண்ணிக்கையை எண்ணுங்கள். பணத்தில் ஒரு பகுதியை அதுவரை நிறுத்தி வையுங்கள். தொலைபேசி தானாக எடுக்கப்படும்.

வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை.

பணம் கொடுக்கும் முன் கேள்வியை எழுத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதில் வராத இடத்தில் முன்பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

பொருளும் வராமல் பதிலும் வராமல் போனால், தேதி போட்டு ஒரு அறிவிப்பு எழுதி விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். வக்கீல் வேண்டியதில்லை; வெள்ளைத்தாளில் தமிழில் எழுதினால் போதும். என்ன வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம், என்ன வரவில்லை, எத்தனை நாளில் வேண்டும். நான்கு வரி.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம்.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இணையத்தில் விற்கிறவர் என்றால், குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்த்து வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சட்டமெல்லாம் காசு கொடுத்தபிறகு வருகிற புகாருக்கு. காசு கொடுக்கும் முன் ஒரு சாதாரண மனுஷி கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல எந்தச் சட்டமும் எந்தக் கம்பெனியையும் கட்டாயப்படுத்துவதில்லை. அங்கே கட்டாயப்படுத்த வேண்டியது நாம்தான். எடுக்காத எண்ணை எடுக்கவில்லை என்று எழுதுவோம். எடுத்தவரை எடுத்தார் என்றும் எழுதுவோம். நல்ல டீலர் இருந்தால் அவருக்கு நான்கு பேர் கூடுதலாகப் போகட்டும்.

ஆகவே பின்னூட்டத்தில் எனக்கு வேண்டியது அனுதாபம் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, புதுக்கோட்டை, திருச்சி மாவட்டங்களில் புகையில்லா விறகு அடுப்பை உண்மையிலேயே விற்கிறவர், விலை சொல்கிறவர், பழுதானால் பார்க்கிறவர் யாராவது இருந்தால் கடையையும் ஊரையும் எழுதுங்கள். நீங்களே வாங்கி, ஒரு வருடமாவது எரித்தவராக இருந்தால் இன்னும் நல்லது. எந்த விறகு போடுகிறீர்கள், என்ன பழுது வந்தது, யார் சரிசெய்தார்கள் என்று சொல்லுங்கள். வருகிற பதிலையெல்லாம் தொகுத்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனிப் பதிவாகப் போடுகிறேன்.

அடுப்புக் கம்பெனிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களும் எழுதலாம். ஆறு கேள்வியும் மேலேயே இருக்கிறது. தமிழில் எழுதுங்கள், சுருக்கமாக எழுதுங்கள், கேட்டதற்கு மட்டும் எழுதுங்கள். முழு மதிப்பெண் போடக் காத்திருக்கிறேன்.